கண் திறந்த படங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீவராஜின் வலது கண்ணிலிருந்து வந்த பீழையில் குங்குமம் இருந்தது.

முதலில் இரத்தம் என்றுதான் நினைத்தான். விரல் நுனியில் வழித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காய்ந்த இரத்தம் என்றால் கறுத்திருக்கும். இது செக்கச்செவேலென்று, பொடிப்பொடியாக, பீழையின் மஞ்சள் கொழகொழப்புக்குள் ஊறிக் கிடந்தது. தேய்த்ததும் விரல் ரேகைக்குள் இறங்கிக்கொண்டது. மோந்து பார்த்தான். தாழம்பூ வாசம். அவன் வீட்டில் குங்குமச் சிமிழே கிடையாது. மனைவி ரஜிதா ஒட்டுப்பொட்டு வைக்கிறவள். சாமித் தட்டில் விபூதி மட்டும்தான் இருக்கும். அந்த வாரம் அவன் கோயில் பக்கமும் போகவில்லை.

சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கை கழுவினான். பூண்டுலோயா பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜீவராஜ் சுத்தம் பார்க்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். லென்ஸ் துடைக்கும் துணி வேறு, கேமரா துடைக்கும் துணி வேறு, முகம் துடைக்கும் துவாய் வேறு. பிறத்தியார் வாய் வைத்த கோப்பையில் செத்தாலும் தேநீர் குடிக்கமாட்டான். அதிலும் வலது கண் விஷயத்தில் அவனுக்கு ஒரு பயமே உண்டு. இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆளை நிறத்தை வைத்துத்தான் சொல்லுவான். பதினெட்டு வருஷமாகக் கல்யாணம், பூப்புனித நீராட்டு, பள்ளிக்கூடக் குழுப்படம் என்று எடுத்துத் தள்ளியதெல்லாம் அந்த ஒரு வலது கண்ணால்தான். அது போனால் அவன் போனான்.

எட்டு மணிக்கு வழக்கம் போல ராசிக் வந்து கீழே நின்று விசிலடித்தான். இரண்டு கடை தள்ளி ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவன். ஞாயிறு காலையில் இருவரும் பஜாரைச் சுற்றி நடப்பது பல வருஷப் பழக்கம். பாலத்தில் தொடங்கி, பஸ் நிலையம், பள்ளிவாசல், கோயில் வீதி, விளையாட்டு மைதானம், அதற்கு மேலே மொத்த ஊரும் காலடியில் தெரிகிற வளைவு வரைக்கும். தொழிலுக்காக இல்லாமல் தனக்காக ஜீவராஜ் படம் எடுப்பது அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான். பூட்டிய கடைகளின் பலகைக் கதவுகள், பஸ்ஸுக்கு அடியில் உறங்குகிற நாய்கள், வயரில் உட்கார்ந்த கொண்டைக்குருவிகள். ராசிக் தன் போனில் இரண்டு பேரின் தேநீர்க் கோப்பைகளைத்தான் அதிகமாகப் படம் எடுப்பான்.

அன்று பஸ் நிலையத்தில், வலப்பனை பஸ்ஸின் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு வெள்ளை நாய் நான்கு குட்டிகளோடு படுத்திருந்தது. ஜீவராஜ் முழங்கால் போட்டுக் குனிந்து, கேமராவில் கண்ணை வைத்தான். அப்போது அவன் கண்ணின் மேல் எதுவோ நடந்தது.

இமையின் மேல் அல்ல. விழியின் மேல். இமை திறந்து, பார்வை தெளிவாக, நாய்க்குட்டியின் மூக்கு ஈரம் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, மூக்குப் பக்க ஓரத்தில் ஏறி, நடுவில் கொஞ்சம் நின்று, மறு ஓரத்தால் இறங்கிப் போனது. ஆறு கால்கள். ஒவ்வொரு காலிலும் சின்னச் சின்ன முள். நின்ற இடத்தில் நீளமாக இரண்டு மயிர் ஆடி ஆடித் தடவிப் பார்த்தன. அவன் கேமராவைக் கீழே போடாதது அதிசயம்தான்.

ராசிக் அவன் இமையை இரண்டு விரலால் விரித்துப் பிடித்து, ஊதிப் பார்த்து, போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.

"ஒன்னுமே இல்ல மச்சான். கண்ணாடிக் குண்டு மாதிரி ஈக்கிது. ஒனக்கு வயசு போகுது, அதான்."

அன்று ஜீவராஜ் வளைவு வரைக்கும் நடக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. கண்ணில் மருந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டையில் கசக்குமே, அதே வழியில் எதுவோ எந்நேரமும் வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. சில வேளை சாம்பிராணிப் புகையின் கார்ப்பு. சில வேளை எரிந்து கருகிய திரியும் சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெயும். புதன்கிழமை மத்தியானம் ரஜிதா ஆசையாகச் சமைத்த பாரைமீன் குழம்பில் முதல் கவளம் எடுத்து வைத்தபோது, நாக்கின் அடியில் பல்லி எச்சத்தின் ருசி வந்தது. பல்லி எச்சத்தை அவன் ஒருநாளும் தின்றதில்லை. இருந்தாலும் அது பல்லி எச்சம் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்தது. எழுந்து போய்க் கொல்லையில் வாந்தி எடுத்தான்.

வியாழக்கிழமை நுவரெலியாவில் கண் வைத்தியரிடம் காட்டினான். அவர் இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லி, இரண்டு கண்ணையும் பத்து நிமிஷம் பார்த்து, வலது கண் இருபது வயதுப் பையனின் கண் மாதிரி இருக்கிறது என்றார். ஈரம் காக்கிற சொட்டு மருந்து ஒன்று எழுதித் தந்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கண்ணின் மேல் இன்னொரு தடவை, இந்த முறை பின்னங்கால்களை இழுத்து இழுத்து, எதையோ ஒட்டி வைத்துவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்து அரைமணி நேரத்தில் இந்திராதேவி வந்தாள். ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கிறவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆறு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் செத்தபோது படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தவன் ஜீவராஜ்தான். அந்தப் படத்தைத்தான் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"தம்பி, அவரு கண்ணுல என்னமோ புடிச்சிருக்குங்க. பாருங்களேன்."

தாளைப் பிரித்தாள். கோட்டும் டையுமாக அவள் புருஷன் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கு வெள்ளி அவள் கண்ணாடியின் மேல் வைத்த குங்குமம் நெற்றியிலிருந்து வழிந்து, கண்ணாடியின் மூலையில் இருந்த வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, கண்ணாடிக்கு உள்ளும் வெளியுமாக வலது கண்ணைச் சுற்றிச் செந்நிறமாகப் படர்ந்திருந்தது. ஜீவராஜ் அதைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

இந்திராதேவி முந்தானை நுனியை வாயில் வைத்து எச்சில் பண்ணி, கண்ணாடியோடு சேர்த்துப் படத்தின் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

ஈரத் துணி ஜீவராஜின் விழியின் மேல் போனது. நூல் நூலாகத் தெரிந்தது. வெதுவெதுப்பான எச்சில், அதில் வெற்றிலைச் சாறு, சுண்ணாம்பின் எரிவு. அவன் இமை திறந்தபடியே இருந்தது. மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்சம் போகுது பாருங்க," என்று சொல்லி, அவள் இன்னொரு முறை எச்சில் பண்ணினாள்.

"வேணாங்கக்கா," என்றான் ஜீவராஜ். "நான் பாத்துக்கிறேன். வச்சுட்டுப் போங்க."

தோட்டத்தில் சாவு விழுந்தால் படக்காரனுக்கு ஆள் வரும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பலருக்கு ஆயுளில் ஒரு நல்ல படம் இருக்காது. அடையாள அட்டைப் படம் ஒன்று, அதுவும் மூக்கு எது, வாய் எது என்று தெரியாத மாதிரி. ஆகவே பிரேதத்தைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்ததும், தூக்குவதற்கு முன்னால் படக்காரன் ஓடிப்போய் முகத்தை எடுத்துக்கொண்டு வரவேண்டும். பிறகு கம்பியூட்டரில் தாடையைச் சுற்றிய நாடிக்கட்டை அழித்து, மூக்குப் பஞ்சை அழித்து, உடுத்தாத கோட்டை உடுத்தி, மூடிய கண்ணைத் திறந்து வைக்கவேண்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படம் மாலையோடு சுவரில் ஏறும். இதற்குக் 'கண் திறக்கிறது' என்றே பேர். நல்ல படக்காரன் செத்தவரின் மகனையோ தம்பியையோ கூப்பிட்டு, அவர்கள் கண்ணைப் படமெடுத்து வைப்பான். ஜாடை ஒத்துப் போகும்.

ஜீவராஜுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன் கண் திறக்கிற முதல் வேலை வந்தபோது ஒரே அவசரம். ஜன்னலோரம் உட்கார்ந்து தன் வலது கண்ணைத் தானே எடுத்தான். மங்கிய இடது கண் சரிப்படாது என்று, அதே வலது கண்ணைத் திருப்பிப் போட்டு இடது கண்ணாக்கினான். படம் அபாரமாக வந்தது. உசிரோட பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று செத்தவரின் மனைவி அழுதாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் யார் உறவுக்காரன் கண்ணைத் தேடி அலைவது? எடுத்த கண் கைவசம் இருந்தது. ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பெண் என்றால் இமையோரம் ஒரு கோடு மை. பதினோரு வருஷத்தில் பத்தொன்பது பேர். முப்பத்தெட்டுத் தடவை அவன் வலது கண் ஏழு தோட்டத்து லயங்களின் சுவரில் இமைக்காமல் திறந்து கிடந்தது.

இந்திராதேவி போனதும் கதவைச் சாத்திவிட்டு, சட்டத்தைக் குப்புறப் போட்டு ஆணிகளைப் பிடுங்கினான். பின்மட்டையைத் தூக்கியதும் வாடை முகத்தில் அடித்தது. நாலைந்து கரப்பான்கள் மேசையில் சிதறி ஓடின. வெள்ளிப்பூச்சிகள் நெளிந்து மட்டைக்குள் போயின. படத்தாளின் முதுகில் புளியங்கொட்டை நிறத்தில், அதே பளபளப்பில், கரப்பான் முட்டைப் பைகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒன்று மட்டும் முன்பக்கம், கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையில், கருவிழியின் மேல் ஒட்டியிருந்தது. நேற்று ஒட்டியது. இன்னும் ஈரம்.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அதைத் துடைக்கப் போனான். பஞ்சு பட்ட மாத்திரத்தில் கண்ணுக்குள் நெருப்பு விழுந்தது. தரையில் உருண்டான். எழுந்த பிறகு, சவர பிளேட்டின் முனையால் படத்துக் கண்ணின் ஓரத்தை ஒரு மயிரிழை கீறிப் பார்த்தான். பிறகு அந்த யோசனையை விட்டான். கிழிக்க முடியாது. எரிக்க நினைக்கவே முடியாது. உலர்ந்த தூரிகையால் மெல்ல மெல்லத் தட்டி, முட்டைப் பையை நெம்பி எடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, லென்ஸ்கள் வைக்கிற காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வைத்து மூடினான்.

கண்ணில் ஒரு மூலை அமைதியானது. அவ்வளவு அமைதியை அந்தப் பத்து நாளில் அவன் கண்டதில்லை. செய்யவேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் முதல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறினான். பழைய மை கெட்டுப்போகிற மை, படம் அழியப் போகிறது, நானே புதுசு போட்டுத் தருகிறேன் என்று ஒரே பொய்யை எல்லா வாசல் இஸ்தோப்பிலும் நின்று சொன்னான். கூடவே மகன், தம்பி, அக்காள் என்று யாராவது ஒருவரை வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் படமெடுத்துக்கொண்டான். கொடுத்தவர்களும் உண்டு, மூன்று தரம் நடக்கவைத்தவர்களும் உண்டு.

ஒவ்வொரு சட்டத்தையும் கழற்றும்போதுதான் தன் கண் எங்கெங்கே கிடந்தது என்று பார்த்தான். ஒன்று அடுப்புக்கு நேர் மேலே. புகையும் எண்ணெயும் கலந்து கோந்து மாதிரிப் படிந்து, அதில் ஈக்கள் கால் புதைந்து செத்திருந்தன. ஒன்றின் மேல் திவசத்துக்குத் திவசம் சாராயம் தெளித்து, தெளித்த இடத்தில் தாள் கொப்புளம் போட்டிருந்தது. இன்னொரு வீட்டில் செத்தவருக்குக் கருவாடு உயிர் என்று வருஷா வருஷம் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் ஒற்றி எடுப்பார்களாம். வாயில் ஒற்றியது கன்னத்தில் வழிந்து, கன்னத்து உப்பை நக்க வந்த ஏதோ ஒன்று கண் வரை நக்கியிருந்தது. அதையெல்லாம் தொட்டுத் துடைக்கவேண்டியவன் அவன்தான். துடைக்கும்போது துடைக்கப்படுகிறவனும் அவன்தான். வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டு செய்தான். இரண்டு தடவை விரலுக்கிடையே வாந்தி வழிந்தது.

இந்திராதேவிக்குப் புதுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தான். வலப்பனையில் இருக்கும் கொழுந்தனின் கண்ணை வைத்துப் போட்டது. உண்மையில் இதுதான் செத்தவரின் ஜாடை. அவள் அதைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகக் தன் ஒற்றை அறைக் காம்பராவின் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"இது யாரு தம்பி?"

"ஒங்க வீட்டுக்காருதானேக்கா."

"ஆறு வருஷமா நான் கண்ணப் பாத்துத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். நல்லது கெட்டது எல்லாம் சொல்லுவேன். கேட்டுக்கிட்டு இருந்தாரு." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "இவரு கேக்க மாட்டாரு."

ஜீவராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினான். தன் கண்ணிடம் இந்தப் பெண் ஆறு வருஷமாக எதையெதையெல்லாம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தபோது, அவிழ்த்துப் போட்ட பிறத்தியார் துணிக்குள் முகத்தைக் கொடுத்த மாதிரி அருவருத்தது.

பத்து நாளில் பதினெட்டுப் படம் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. பூச்சி நடை நின்றது. சாம்பிராணி நின்றது. சாராயம், கருவாடு, எல்லாம் நின்றது.

நாற்றம் மட்டும் நிற்கவில்லை.

மற்ற வாடைகள் ஓய்ந்த பிறகுதான் அடியில் இது தனியாகக் கிடந்தது தெரிந்தது. மீன் கழுவி மூன்று நாள் மூடி வைத்த தண்ணீர். மாலையிலிருந்து உதிர்ந்து ஈரத்தில் கிடந்து கூழான பூ. இரண்டுக்கும் நடுவில் தித்திப்பாக ஒன்று. அது தொண்டைக்கு இறங்கும்போது கொழுப்பு மாதிரி அண்ணத்தில் ஒட்டியது. கண்ணின் மேலே ஏதோ மிருதுவாகப் படிந்திருந்தது, குளிர்ந்த களி மாதிரி. நாளுக்கு நாள் அது இன்னும் மிருதுவாகி, இன்னும் நெருங்கி வந்தது. பார்வையின் ஓரங்களில் பச்சையும் கறுப்புமாக ஒரு நிறம் கசிந்தது. அடுத்த ஞாயிறு கந்தப்பளையில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தான். மணமகள் முகத்தில் ஃபோகஸ் வைக்கக்கூடிய கண்ணாக அது இருக்குமா என்று அவனுக்கே தெரியவில்லை.

ரஜிதா இரண்டு நாளாக ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தாள். மூன்றாம் நாள் தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். கதவருகே நின்று, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எலி ஒன்னும் செத்துக் கெடக்கலங்க. எல்லா எடமும் தேடிட்டேன். ஒங்க கண்ணுலருந்துதான் வருது."

பத்தொன்பதாவது படம் ஊசிமலைக் கீழ் டிவிசனில் ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டில் வேலாயி என்ற பெண் தனியாக இருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஜீவராஜ் கண் திறந்து கொடுத்தது அவள் புருஷனுக்கு. இரண்டு முறை போயும் வீடு பூட்டிக் கிடந்தது. மகன் யோகேஸ்வரன் கொழும்பில் வேலை செய்கிறான் என்று பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த சின்னப் பையன் சொல்லி, போன் நம்பர் எழுதிய துண்டை எடுத்துத் தந்தான். வெள்ளிக்கிழமை மதியம், ஸ்டூடியோவில் இருந்து அவனுக்கு அழைத்தான். மை கெட்டுப்போகிற பொய்யைச் சொல்லி, அப்பாவின் படம் வேண்டும் என்றான்.

"அது அம்மாகிட்ட இருக்குண்ணே," என்றான் யோகேஸ்வரன்.

அம்மா எங்கே என்று ஜீவராஜ் கேட்டான்.

"அம்மா செத்து இன்னையோட இருபத்தெட்டு நாளுண்ணே. ஒங்கள கூப்புட்டோம், நீங்க அன்னைக்குக் கண்டியில கல்யாண வேலன்னு சொன்னாங்க."

பிறகு அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மா கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அப்பாவின் முகம் தன் முகத்தைப் பார்த்தபடி இருக்கவேண்டும். ஆகவே படத்தைப் பெட்டிக்குள் குப்புற வைத்தார்கள், முகத்துக்கு முகம். கண்ணாடி உடைந்தால் அம்மாவின் முகத்தில் குத்தும் என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டமும் வெறும் தாளுமாகத்தான் வைத்தார்கள். மயானத்துக்கு இறங்குகிற படிக்கட்டில் மழை வழுக்கி, பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே சட்டம் நகர்ந்த சத்தம் கேட்டது. ஆணி அடித்தாகிவிட்டதால் திறக்கவில்லை.

"வெள்ளிக்கெழம பின்னேரம் பொதச்சோம். ஏண்ணே கேக்குறீங்க?"

ஜீவராஜ் விரல் விட்டு எண்ணினான். வெள்ளிக்கிழமை மாலை. அதற்கு ஒரு நாள் விட்டு ஞாயிறு காலை. கண்ணுக்குள் அந்தக் குளிர்ந்த களி அப்போது மெல்ல அசைந்து, இன்னொரு பக்கமாகப் படிந்தது.

ராசிக்கின் கடையில் ஒரு மண்வெட்டி எடுத்தான். தோட்டம் போடப் போறியா என்று ராசிக் சிரித்தான். கிட்டே வந்ததும் சிரிப்பை நிறுத்தி, கையால் மூக்கை மூடிக்கொண்டு, ஒரு அடி பின்னால் போனான்.

ஊசிமலை மயானம் தேயிலை மலையின் அடிவாரத்தில், ஓடைக்கு மேலே இருந்தது. ஜீவராஜ் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. மேலே மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்கள் பேச்சும் சிரிப்பும் துண்டு துண்டாகக் கேட்டது. பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து, ஒரு வரிசைச் செடியாக, ஒரு வரிசைப் பெண்களாக எல்லாவற்றையும் மூடியது. யூகலிப்டஸ் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. புது மண் ஒரு இடத்தில்தான் இருந்தது. மழையில் அது நடுவில் அமுங்கிப் போயிருந்தது. பிளாஸ்டிக் மாலை ஒன்று. வாடாமல்.

தோளில் கேமராப் பையோடு, மண்வெட்டியைத் தூக்கி ஒரு கொத்துக் கொத்தினான்.

கண்ணுக்கு மேலே, எங்கோ தூரத்தில், தொம் என்றது.

இன்னொரு கொத்து. தொம். ஏதோ உதிர்ந்தது. உதிர்ந்தது அவன் கண்ணில் விழவில்லை, கண் மூடியிருந்தது. மூடியிருந்தது எதனால்? இமையால் அல்ல. இமை திறந்துதான் இருந்தது. அந்த மிருதுவான ஒன்று கண்ணை முழுக்க நிறைத்து, அழுத்தி, மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் அது உள்ளே இருந்து குலுங்கியது.

மண்வெட்டியைப் போட்டான். என்ன அது? அதைப் பார்க்காமல் இன்னொரு கொத்துக் கொத்த முடியாது. கேமராவை எடுத்தான். கிட்டத்தில் எடுக்கிற லென்ஸைப் பொருத்தினான். கை பழகிய வேலை. திரையைத் தன் பக்கம் திருப்பினான். லென்ஸை வலது கண்ணுக்கு நேரே, நாலு விரல் தூரத்தில் பிடித்தான். திரையை இடது கண்ணால் பார்த்தான். அவ்வளவு கிட்டத்தில் இடது கண்ணுக்கும் தெரிந்தது.

கண். இமை மயிர். சிவந்த நரம்பு. நடுவில் கருவிழி.

கருவிழியில் எதிரே இருக்கிறது தெரியவேண்டும். கேமரா தெரியவேண்டும். வெள்ளை மூடுபனி தெரியவேண்டும்.

தெரியவில்லை.

பெரிதாக்கினான்.

பெட்டிக்குள் சட்டம் சறுக்கியிருந்தது. முகத்துக்கு முகம் இல்லை. கண்ணுக்கு நேரே வேலாயியின் வாய்.

கறுத்து வீங்கிய உதடுகள். நாடிக்கட்டு அவிழ்ந்து தாடை இறங்கியிருந்தது. திறந்த வாய் நிறைய வாய்க்கரிசி. மகன் போட்டது, உறவு போட்டது, ஊர் போட்டது. வெள்ளையாக, ஈரமாக.

இன்னும் பெரிதாக்கினான்.

அரிசி அசைந்தது.

ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வாய் முழுக்க.

மூடு என்று இமைக்குச் சொன்னான்.

திரையில் மேலிமை இறங்கியது. பாதி தூரம் வந்தது. எதிலோ முட்டியது. கீழிமை ஏறி வந்து, அதுவும் முட்டி நின்றது. இரண்டுக்கும் நடுவில் அந்த உதடுகள் இருந்தன. மெத்தென்று. கண்ணைக் கவ்வியபடி. மேலே மூடுபனிக்குள் எங்கோ பெண்கள் சிரித்தார்கள். கன்னத்தில் எதுவோ சூடில்லாமல் வழிந்து, மேலுதட்டின் ஓரத்துக்கு வந்து, அங்கே நின்று, நெளிந்து, வழி தேடியது.